கம்பிபிடித்தான் பல்லிவரம் பெற்ற படலம்

மட்டக்களப்பு வாவியின் உப்புக்காற்றை உண்டு வளர்ந்தவனும், மொன்றியல் மாநகரின் பனிக்காற்றை வேறு வழியின்றி உண்டுகொண்டிருப்பவனும், ஜான்-டலோன் சந்தையில் மலைமலையாய்க் குவிந்த தக்காளிகளுள் அழுகியதை ஒரே பார்வையில் இனங்கண்டு வீசுபவனும், உடுப்பு மாட்டும் கொழுவியின் முறுக்கிய கம்பியை ஏந்தி வானவெளியில் அலைந்து திரியும் படங்களைப் பிடித்திழுத்துப் பெட்டிக்குள் அடைக்கும் பேராற்றல் வாய்ந்தவனுமாகிய கதிர்காமத்தம்பி வாழ்க! அவன் வலக்கை வாழ்க! வலக்கை மரத்துப்போனபோது மாற்றிப் பிடித்த இடக்கையும் வாழ்க!

மின்னலை விளக்காகவும் இடியை முரசாகவும் கொண்ட தெய்வமே, இக்கதை சொல்லும் நாவில் வந்து அமர்ந்தருள்க. கதை முடியும்வரை ஃபியூஸ் மட்டும் போகாமல் பார்த்துக்கொள்க.

அகதியாய் வந்தவர்க்கெல்லாம் அடைக்கலம் தந்த பார்க் எக்ஸ்டென்ஷன் என்னும் பதியிலே, வெளிப்புறமாக வளைந்தேறும் இரும்புப் படிகளின் உச்சியிலே, இரண்டாம் மாடியிலே ஒரு வீடு. அதன் அரசர் திருகோணமலை ஞானசுந்தரம். வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தவர் அவர்தான் என்பதால் அரசர். அரசி அவர் மனைவி கிளி. ஓர் அறையில் செபமாலை என்னும் குடித்தனத் தோழர். மற்ற அறையில் நம் வீரன், எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தவன்.

ஆடி மாதத்திலே ஊரே வீடு மாறுகின்ற அந்த நாளில், எவரோ நடைபாதையில் வைத்துவிட்டுப் போன தொலைக்காட்சிப் பெட்டியொன்றை இந்நால்வரும் போர்க்களத்திலிருந்து யானையைக் கவர்ந்துவரும் சேனைபோல் மேலே கொண்டுவந்திருந்தனர். யானைக்குத் தந்தம் இல்லை. அதாவது, அன்டனா ஒடிந்திருந்தது. அந்தத் துளையில் உடுப்புக் கொழுவிக் கம்பியை நுழைத்தார் ஞானசுந்தரம், திரையில் வெண்புள்ளிப் பனி பெய்தது. செபமாலை தொட்டார், பனி இன்னும் பெருத்தது. கிளி தொட்டாள், பனியோடு இரைச்சலும் சேர்ந்தது. பின்னர் கதிர்காமத்தம்பி தொட்டான். ஒரு வெள்ளைக்காரி பளிச்சென்று தோன்றிப் பிரெஞ்சில் சவர்க்காரம் விற்றாள். அவள் பல்லுக்கூடத் தெரிந்தது.

அன்றே அவன் தலைவிதி எழுதப்பட்டுவிட்டது. பெட்டிக்கும் சுவருக்கும் இடையே, ரேடியேட்டரின் வெக்கையில் முதுகு வேக, கம்பியைப் பிடித்தபடி நிற்பதே அவன் பணியாயிற்று. அங்கிருந்து அவனுக்குத் தெரிந்தவை ஆணிகளும் தூசியும், எதிரே செற்றி என்னும் மெத்தை இருக்கையில் வாய்பிளந்து இருக்கும் மூன்று முகங்களும்தான்.

அது எண்பத்தேழாம் ஆண்டு. குளிர் கழிய மனமின்றிக் கிடந்த பங்குனி மாதம். பிரெஞ்சுச் சேவை ஒன்று ஞாயிறு பின்னேரங்களில் ஜப்பான்காரரின் பூதப்படங்களைக் காட்டத் தொடங்கியது. ஆகா, என்ன பூதங்கள்! எண்ணெய்த் தாங்கிகளைக் கோழிமுட்டைபோல் உடைக்கும் கொடுக்குடைய பெருநண்டு! பாலங்களைப் பூமாலையாய்ச் சூடிக்கொண்டு நூறு காலால் ஊரும் மட்டத்தேள்! சிறகை விரித்தால் ஒரு மாவட்டத்துக்கே இருட்டுக் கொடுக்கும் வௌவால்! இவை யாவினும் மேலாக, வாலைச் சுழற்றினால் பதினைந்து மாடிக் கட்டடமும் பணிந்து விழும் மாபெரும் பல்லி! வாரம் ஒன்றாக வந்தன. வாரம் ஒன்றாக அழித்தன. ஜப்பானியர் எல்லோரும் பிரெஞ்சு பேசிக்கொண்டு ஓடினர். அவர்கள் சொன்னது இவர்களுக்கு விளங்கவில்லை. ஓடியது விளங்கிற்று.

கதிர்காமத்தம்பியோ எதையும் காணவில்லை. அலறல் கேட்டான், இடிபாடு கேட்டான். கதை கேட்டால், "ஐயோ நண்டு... ஆ... போச்சு!" என்பதற்குமேல் எவரும் சொல்வதில்லை. ஆயினும் கண்ணால் காணாத நண்டைத் தன் கட்சியாக வரித்துக்கொண்டான். "நண்டு எங்கட ஊராள். நான் நண்டுப் பக்கம்" என்று பெட்டிக்குப் பின்னாலிருந்தே அறிவித்தான். ஞானசுந்தரம் பல்லிப் பக்கம். அதனாலேயே அவன் இன்னும் உறுதியாக நண்டுப் பக்கம்.

அந்த ஞாயிறும் வந்தது. நான்கு பூதங்களும் ஒரே தீவில் ஒன்றாகக் கூடிப் பொருதும் பெரும்படம். வாரம் முழுவதும் விளம்பரம் போட்டார்கள். தக்காளி பொறுக்கும்போதும் நம் வீரன் அதையே நினைத்தான். அழுகிய தக்காளி இரண்டு தப்பிப்போயின என்பதும் வரலாறு.

படம் தொடங்கி, வௌவால் வந்து, மட்டத்தேளும் வந்து, கடலிலிருந்து பல்லி எழுந்து கரையேறிய வேளையிலே, பெட்டிக்குப் பின்னாலிருந்து புரட்சி வெடித்தது.

"அண்ணே, கடைசிச் சண்டைக்கு நீங்க வந்து பிடியுங்க. நான் ஒருக்கா முன்னுக்கு இருந்து பாக்கப் போறன்."

ஞானசுந்தரம் செற்றியில் தம் உடலின் அளவுக்கே குழிந்திருந்த இடத்தில் இன்னும் ஆழ அமர்ந்தார். "நீ முன்னுக்கு வந்தா படம் எங்கால வாறது? உனக்குத்தானே தம்பி கைராசி."

"செபமாலையண்ணன் பிடிக்கட்டும்."

"எனக்குத் தோள்மூட்டு" என்றார் செபமாலை, எந்தத் தோள் என்று தீர்மானிக்காமலே இரண்டையும் தடவிக்கொண்டு.

அப்போது கதிர்காமத்தம்பி, சினங்கொண்ட சிங்கம் குகைக்குள்ளிருந்து கர்ச்சித்தாற்போல், தூசிபடிந்த முகத்தைப் பெட்டிக்கு மேலே உயர்த்தி முழங்கினான்: "எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்க! இண்டைக்குக் கடைசிச் சண்டைய நான் அந்தச் செற்றில இருந்துதான் பாப்பன்!"

சொல்லி வாய் மூடவில்லை. திரையிலே பல்லி கழுத்தை உயர்த்தி, தீவு அதிர, கடல் பின்வாங்க, ஒரு குரல் கொடுத்தது.

செற்றியில் மூவரும் உறைந்தனர். பிறகு கிளி மெல்லக் குனிந்து, விரல் நுனியால் தரையில் தட்டினாள். "முருகா. பல்லி சொல்லிப்போட்டுது."

அவள் தட்ட, செபமாலையும் "யேசுவே" என்று தட்டினார். கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவி விளக்குமாற்றுக் கம்பால் மேலே திருப்பித் தட்டினாள்.

இதிலே சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஊரிலே ஒருவர் ஒரு சொல் சொல்லி, உடனே சுவர்ப்பல்லி சத்தமிட்டால் அந்தச் சொல் பலிக்கும். அதற்கு அப்பீல் கிடையாது. ஆனால் இந்தக் குளிர்நாட்டுச் சுவர்களில் பல்லி ஏது? வந்த நாள் தொட்டு இவர்கள் எத்தனையோ சொல்லியிருந்தார்கள். அகதிக் கேஸ் வெல்லும் என்றார்கள், குடும்பம் வந்து சேரும் என்றார்கள், அடுத்த வருசம் எல்லாம் சரிவரும் என்றார்கள். சுவர்கள் சும்மா இருந்தன. இன்றுதான் முதன்முதலாக ஒரு சொல்லுக்குப் பல்லி சாட்சி சொன்னது.

"அது பல்லியில்லையப்பா!" என்று கொதித்தெழுந்தார் ஞானசுந்தரம். "ரப்பர் உடுப்புப் போட்ட ஆள் உள்ளுக்கு நிண்டு கத்துறான்!"

"ஆர் உள்ளுக்கு நிண்டா என்ன?" என்றாள் கிளி. "சொன்னது பல்லிதானே. எழும்புங்கோ."

"சின்னப் பல்லி சொன்னாலே பலிக்கும்" என்று செபமாலையும் தீர்ப்பை வலுப்படுத்தினார். "இது எவ்வளவு பெரிசு!"

முடி இழந்த மன்னன் கானகம் ஏகினாற்போல் ஞானசுந்தரம் எழுந்து பெட்டிக்குப் பின்னால் ஏகினார். கம்பி கைமாறியது. பனி பெய்தது. "மேல... இன்னும் மேல... காலத் தூக்குங்கோ" என்று கிளி வழிநடத்த, அவர் இடக்காலை ரேடியேட்டர்மீது ஏற்றி, இடக்கையை முகட்டை நோக்கி நீட்டி, கழுத்தைச் சற்றே சரித்துத் தில்லைக் கூத்தனைப் போல் நின்றபோது, படம் பளிங்காய்த் தெளிந்தது. "அசையாதேங்கோ!" என்றாள் மனைவி. அவர் அசையவில்லை. சூட்டில் "ஸ்ஸ்" என்று மட்டும் சத்தம் வந்தது.

கதிர்காமத்தம்பி செற்றியின் நடுக்குழியில் அமர்ந்தான். அமர்ந்தவன் நண்டைக் கண்டான்! இத்தனை வாரம் செவியால் மட்டுமே அறிந்த தலைவனைக் கண்ணாரக் கண்டு, கண் பனித்து, மறுகணமே புருவம் சுளித்தான்.

"என்ன இது, நண்டு நேர நடக்குது? நண்டு பக்கத்தாலயல்லோ போகும்! இவங்க நண்டு கண்டதே இல்லையா?"

ஆனாலும் மன்னித்தான். பெருவீரர்கள் பிழை பொறுப்பவர்கள்.

இதற்கிடையில் செற்றியின் மறுமுனையில் வேறொரு வேள்வி தொடங்கியிருந்தது. கிளி, திரையில் பல்லி வாய் திறக்கப்போகிறதா என்று உற்றுப் பார்த்தபடி, மெதுவாகச் சொன்னாள்: "எங்கட கேஸ் வெல்லும்."

பல்லி கடலைப் பார்த்தது.

"வாற மாசம் கேசுக்குக் கூப்பிட்டு, ஓம் எண்டு சொல்லுவாங்கள்" என்று திருத்தமாகச் சொன்னாள். பல்லி நீருக்குள் அமிழ்ந்தது. குமிழிதான் வந்தது. குமிழி சேர்த்தியா என்று செபமாலையைப் பார்த்தாள். அவர் இல்லையென்று தலையசைத்தார். பிறகு தாமும் தொண்டையைச் செருமிக்கொண்டார். "என்ட மனிசி இந்த வருசம் வந்து சேருவா."

வௌவால் கீச்சிட்டது.

"வௌவால் சொன்னாக் கணக்கில்ல அண்ணை" என்றாள் கிளி, குரல் தணிந்து.

"தெரியும் பிள்ளை" என்றார் அவர். "சும்மா சொல்லிப் பாத்தனான்."

நம் வீரனும் ஒன்று கேட்க வாயெடுத்தான். தாயும் தங்கையும் இன்னும் அங்கேதான். ஆனால் அந்நேரம், ஊழிக்காலத்து முகில்கள் நான்கு திசையினின்றும் வந்து முட்டினாற்போல், நாற்பெரும் பூதங்களும் தீவின் நடுவே வந்து நேர்நின்றன. மட்டத்தேள் வௌவாலைச் சுற்றியது; வௌவால் மலையைப் பெயர்த்து எறிந்தது; மலை கடதாசிபோல் உருண்டது. புகை அடங்க, பல்லி மல்லாந்து கிடக்க, அதன் நெஞ்சுக்கு நேரே நண்டு தன் வலக் கொடுக்கை வானளாவ ஓங்கியது. கதிர்காமத்தம்பி செற்றியைவிட்டு அரைவாசி எழுந்தான். "போடு!" என்றான்.

அந்த வேளை பெட்டிக்குப் பின்னாலிருந்து, வெந்த காலும் உளைந்த கையுமாக ஒரு குரல்: "ஏலாதப்பா! நான் விடப்போறன்!"

மல்லாந்து கிடந்த பல்லி, தலையைத் தூக்கி, தன் வாழ்நாளிலேயே பெரிய குரல் கொடுத்தது.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். கிளியின் விரல் பழக்கத்தால் தரையைத் தொட்டுவிட்டது.

"கேட்டியளே!" என்று ஆர்ப்பரித்தார் ஞானசுந்தரம். "பல்லி சொல்லிப்போட்டுது!" தர்மத்துக்கு அடங்கிய மன்னராய், கம்பியை விட்டார்.

பனி! நண்டின்மேல் பனி, பல்லியின்மேல் பனி, வெளியே தெருவில் பெய்வதைவிடப் பெரும்பனி! கதிர்காமத்தம்பி செற்றியைத் தாண்டினான், செபமாலையின் காலைத் தாண்டினான், விரிப்பில் இடறி விழுந்து எழுந்து, சுவருக்கும் பெட்டிக்கும் இடையே அம்புபோற் பாய்ந்து, இரு கைகளாலும் கம்பியைப் பற்றினான். பற்றிய கணமே இரைச்சல் அடங்கிற்று. இதுவரை வராத தெளிவில் படம் வந்தது என்பதை எதிரே இருந்த முகங்களின் வெளிச்சத்திலேயே அறிந்தான்.

"என்ன நடக்குது? ஆர் வெண்டது? நண்டு அடிச்சிட்டா?"

கிளி திரையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள்.

"எழுத்து ஓடுது தம்பி" என்றாள்.

மேகங்களே, கேளுங்கள்! செயின்ட் லோரன்ஸ் நதியே, உறைந்த உன் மேனி பிளந்து புலம்புக! கொடுக்கோங்கிய அக்கணத்துக்கும் எழுத்தோடிய இக்கணத்துக்கும் இடையே நிகழ்ந்த மாபெரும் போரின் முடிவை அறிந்தார் இந்த வீட்டில் ஒருவருமில்லை. ஆயினும் கம்பியைக் கைவிடாது, கடைசி எழுத்து ஓடி மறையும்வரை அசையாது நின்ற கதிர்காமத்தம்பியின் புகழ், கடல் உள்ளளவும் கடலில் நண்டு உள்ளளவும் நிலைபெறுக!

அடுத்த ஞாயிறு அந்த நேரத்துக்கு மீன் பிடிக்கிற நிகழ்ச்சி போட்டார்கள், ஒருத்தரும் கம்பி பிடிக்காமலே படம் நல்லாய் வந்தது.