மீன்வண்டியில் தேன்பெட்டி

விற்காமல் மிஞ்சிய சங்கராவும் நெத்திலியும் கரைந்த ஐஸ் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே, மீன்பாடி வண்டியின் குறுக்குப் பலகையில் அமர்ந்து, மடியிலிருந்த பெட்டியின் நான்கு திருகுகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஜுபைர். வண்டியை ஓட்டிவந்த செங்கொடி அதைச் சாலையோரம் நிறுத்தினாள். பின்னால் வந்த கண்டெய்னர் லாரி முனகிக்கொண்டே விலகிப் போகும்வரை காத்திருந்துவிட்டுத் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கறேன் பாய், கோச்சுக்காத. நீ என் தொண்டைய ரிப்பேர் பண்றேன்னியா, யாவாரத்த ரிப்பேர் பண்றேன்னியா?"

ஜுபைர் ஒரு திருகைத் திருப்பி, மறுபடி பழைய இடத்திலேயே வைத்தார். அதே ஐயம்தான் அவரையும் அரித்துக்கொண்டிருந்தது.

ஜுபைர் இராயபுரத்தில் ஒலிபெருக்கிகளை வாடகைக்கு விடும் கடை வைத்திருப்பவர். திருமண மண்டபம், கட்சிக் கூட்டம், கூழ் வார்க்கும் விழா, தேவாலயத் திருவிழா என்று எங்கே மேடை போட்டாலும், அதன் பக்கவாட்டில், கம்பிச் சுருள்களுக்கிடையே, தலையைச் சற்றுச் சாய்த்தபடி அவர் அமர்ந்திருப்பார். பல ஆண்டுகள் அப்படிச் செவிசாய்த்ததில் ஓர் உண்மையைக் கண்டறிந்திருந்தார். எவ்வளவு நல்ல பாடகரும் சில பாடல்களுக்குப் பிறகு சற்றே கரகரப்பார். கூட்டம் அதைக் குறையென்று வாய்விட்டுச் சொல்லாது. மெல்ல எழுந்து பந்திக்குப் போய்விடும்.

அந்தக் கரகரப்பைக் களைய முடியுமா என்ற ஆவல் அவரைப் பற்றிக்கொண்டது. இசைக்குழுவினர் குரலை மாற்றிக்காட்டப் பயன்படுத்தும் வெளிநாட்டு எஃபெக்ட் பெட்டிகள் பழுதுபார்க்க வரும்போதெல்லாம், பழுதை நீக்கிய பிறகும் மூட மனம் வராமல் உள்ளே பார்த்துக்கொண்டே இருப்பார். எதிரொலி எப்படிப் பிறக்கிறது? குரலைக் கண்ணிமைக்கும் நேரம் பிடித்து வைத்திருந்து, பிறகு விடுவிப்பதால். ஒரு குரல் பலவாவது எப்படி? பலர் சேர்ந்து பாடும்போது ஒருவர் மயிரிழை முந்துவார், இன்னொருவர் மயிரிழை பிந்துவார். அந்த முந்தலையும் பிந்தலையும் ஒற்றைக் குரலுக்கே கற்பித்துவிட்டால் போதும். இப்படி ஒவ்வொன்றாகக் கற்று, முடிவில் தாமே ஒரு பெட்டியைச் செய்தார். முதல் திருகு கரகரப்பை இழைத்தெடுக்கும். இரண்டாவது, விலகி ஓடும் சுருதியைக் காதைப் பிடித்து இழுத்துவந்து உரிய இடத்தில் நிறுத்தும். மூன்றாவது எதிரொலி. நான்காவது துணைக்குரல்கள். அதற்குத் 'தேன்பெட்டி' என்று பெயரும் சூட்டினார்.

பெயர் வைத்தாயிற்று, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சத்தான் ஆளில்லை.

மெல்லிசைக் குழு நடத்தும் தேவகிருபை ஒருவர்தான் கடைக்கு வந்து பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கவுமில்லை, தலையை ஆட்டவுமில்லை.

"கடைக்குள்ள எந்தக் கொரலும் நல்லாத்தான் இருக்கும் பாய். உங்க காதும் என் காதும் ஸ்பீக்கர் பக்கத்துலயே கெடந்து கெட்டுப்போன காது. தெருவுல இருக்கற ஜனங்க சொல்லட்டும். அந்தக் கொரலுக்காக நாலு பேர் வூட்ட வுட்டு வெளிய வந்தா, ஞாயித்துக்கெழம எங்க மேடையில உங்க பொட்டிதான்."

மாம்பழத்தின் இனிப்பைத் தோட்டக்காரன் சொல்லக்கூடாது, அணில் சொல்ல வேண்டும் என்பது நியாயமாகவே ஜுபைருக்குப் பட்டது. ஆகவே அவர் ஒரு குரலைத் தேடினார். நல்ல குரலை நல்ல குரலாக்குவதில் பெருமையில்லை என்பதால், கடினமான குரலாகவே தேடினார்.

நெட்டுக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் செங்கொடியின் குரல் அத்தகையது. வண்டியில் கட்டிய ஒலிபெருக்கியில் அவள் "மீனே" என்று ஒருமுறை கூவினால், மின்கம்பியில் அமர்ந்திருக்கும் காக்கைகள் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மறுபடி அமரும். அதற்காக அவள் வெட்கப்பட்டதில்லை. ஆனால் அண்மையில் தொண்டை புண்ணாகி மருத்துவரிடம் சென்றிருந்தாள். இனியும் இப்படிக் கத்தினால் பேச்சே நின்றுவிடும் என்று அவர் எச்சரித்திருந்தார். மெதுவாகப் பேசினாலே போதும், மீதியைப் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று ஜுபைர் கூறியதும், கும்பிடாத குறையாக அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டாள்.

திருவொற்றியூரில், எதிரெதிராக நிற்கும் நான்கு மாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே செங்கொடி அன்றாடம் வண்டியை நிறுத்துவாள். ஒரு கூவல், இரண்டு கூவல். பெண்கள் பாத்திரங்களோடு படியிறங்கி ஓடிவருவார்கள். ஒரு டீ ஆறுவதற்குள் கூடைகள் காலியாகிவிடும். முதல் நாள் அங்கே சென்றதும், முதலிரண்டு திருகுகளையும் ஜுபைர் அளவாகத் திருப்பினார். செங்கொடி, காதோடு இரகசியம் சொல்வதுபோல், வஞ்சிரம் கீது, சங்கரா கீது, நெத்திலி கீது என்றாள். ஒலிபெருக்கியிலிருந்து புறப்பட்ட குரலைக் கேட்டு அவளே திரும்பிப் பார்த்து, யாருய்யா அது என்று கேட்டாள்.

ஒருவரும் இறங்கி வரவில்லை. ஜன்னல்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்தன.

புதிய குரல், வந்திருப்பது யாரென்று பார்க்கிறார்கள் என்று ஜுபைர் கணித்தார். நெடுநேரம் நின்றும் கூடைகளில் மீன் அப்படியே இருந்தது. அந்த மீனோடு திரும்பும் வழியில்தான் செங்கொடி அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவர் வழி முழுவதும் யோசித்து, குரல் மென்மையாகிவிட்டதால் மேல்மாடிகளை எட்டவில்லை, அதற்கு மருந்து எதிரொலிதான் என்ற முடிவுக்கு வந்தார். கெட்டுப்போகவிருந்த மீனைத் தம் பொறுப்பில் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

அவர் மனைவி உமைமா பையை வாங்கிப் பார்த்தாள். குழம்பு வைத்தாள், வறுத்தாள்.

மறுநாள் மூன்றாவது திருகும் திரும்பியது. செங்கொடியின் மெல்லிய சொற்கள் ஒரு கட்டடத்தைத் தொட்டு, எதிர்க் கட்டடத்துக்குச் சென்று, அங்கிருந்து வானத்துக்கு ஏறின. நெத்திலி என்ற சொல் அவ்வளவு தொலைவு பயணம் செய்யும் என்று ஜுபைரே எதிர்பார்த்திருக்கவில்லை. இரண்டாம் மாடியில் ஒரு முதியவர் நாற்காலியைக் கொண்டுவந்து பால்கனியில் போட்டு அமர்ந்தார். புகார் எழுதப் போகிறவர்போல் அவ்வளவு தீவிரமாக வண்டியையே நோக்கினார். வாயிற்காவலரிடம் சென்று, எப்படியிருக்கிறது என்று ஜுபைர் கேட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, விரலை உதட்டில் வைத்து, கையால் போகும்படி சைகை காட்டினார்.

ஜுபைர் தலைகுனிந்து திரும்பினார். வாயை மூடிக்கொண்டு போ என்று இதைவிட மரியாதையாக ஒரு மனிதர் சொல்ல முடியாது.

அன்று ஒரு கூடை கூடக் குறையவில்லை. வண்டி புறப்பட்டபோது கீழ்வீட்டுக் குழந்தையொன்று வீறிட்டு அழுதது. குழந்தையை வேறு பயமுறுத்திவிட்டோமே என்று அவர் மனம் நொந்தார்.

"எதிரொலி தனியா கேட்டா ஆவி மாதிரிதான் இருக்கும்," என்று செங்கொடிக்கு விளக்கினார். "கூடவே ரெண்டு மூணு கொரலு சேந்தா பயம் தெளிஞ்சிடும்."

"பயம் எனக்குத்தான் பாய் தெளியல. மீன வலையில புடிக்கறது கஷ்டம்னு நெனச்சிகினு இருந்தேன். உன் பொட்டிய வச்சிகினு ஆளப் புடிக்கறது அதுக்கு மேல கஷ்டமா கீது."

இருந்தாலும் அவள் விலகவில்லை. மெதுவாகப் பேசத் தொடங்கியதிலிருந்து தொண்டை வலி குறைந்திருந்தது. கஞ்சி வலியில்லாமல் இறங்குகிறது என்றாள். ஆகவே அவளுக்கு இப்போது இரண்டு கவலைகள்: பெட்டியோடு போனால் பிழைப்பு இல்லை, பெட்டியில்லாமல் போனால் குரல் இல்லை.

ஜுபைர் வீட்டுக்குள் நுழைந்ததும் உமைமா பையைத் திறக்காமலே, இன்று என்ன மீன் என்று கேட்டாள். காலையில் மீன், மதியம் மீன், இரவிலும் மீன். தெருவிலுள்ள பூனைகள் அவர் வருகையை எதிர்நோக்கி வாசலில் வரிசையாக அமரத் தொடங்கியிருந்தன.

"இன்னாங்க, பொட்டிக்குப் பேரு தேன்பொட்டின்னுதானே சொன்னீங்க," என்றாள் உமைமா. "வூட்டுக்கு ஒரு நாளாச்சும் தேன் வருமா?"

நான்காவது திருகு திரும்பிய நாளில், செங்கொடியின் ஒரு குரல் ஐந்து சகோதரிகளின் குரலாகியது. ஒருத்தி முந்தினாள், ஒருத்தி பிந்தினாள், ஒருத்தி மேலே சென்றாள், ஒருத்தி கீழே தாங்கிப் பிடித்தாள். வஞ்சிரமும் சங்கராவும் இப்படிச் சேர்ந்திசையாகும் என்று அவற்றைப் பெற்ற கடலும் நினைத்திருக்காது. செங்கொடியே தன் குரலில் சொக்கி, விலை சொல்ல மறந்து, மீன் பெயர்களையே இழுத்து இழுத்துச் சொன்னாள். எல்லா ஜன்னல்களும் திறந்திருந்தன. ஒரு கதவும் திறக்கவில்லை. ஆளரவமற்ற அந்த முற்றத்தில் ஒரு பூனை மட்டும் வந்து, நாணயமாகக் காத்திருந்து, ஒரு நெத்திலியைப் பெற்றுச் சென்றது.

மறுநாள் சனிக்கிழமை. சோதனையின் முடிவைத் தம் கண்ணாலேயே பார்க்க வேண்டும் என்று தேவகிருபை வந்து, குடியிருப்பின் வேப்பமர நிழலில் நின்றார். ஜுபைர் பெட்டியை மடியில் நேராக வைத்துக்கொண்டார். நான்கு திருகுகளையும், குழந்தைக்கு நெற்றியில் பொட்டிடுவதுபோல், அளவு பார்த்து அளவு பார்த்துத் திருப்பினார். அவருடைய பெட்டி அன்றுபோல் என்றுமே ஒலித்ததில்லை. லாரி ஓட்டுநர் ஒருவர் சாலையோரம் எஞ்சினை அணைத்ததைக்கூட அவர் கவனித்தார். வண்டி பழுதாகிவிட்டது போலும் என்று இரக்கப்பட்டார்.

நேரம் சென்றது. ஒருவரும் வரவில்லை. தேவகிருபை கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை ஜுபைர் பார்த்தார்.

செங்கொடி ஒலிவாங்கியை மடியில் வைத்தாள். "போதும் பாய். ஐஸும் கரைஞ்சிச்சி, நானும் கரைஞ்சிட்டேன். ஒயர புடுங்கு. தொண்ட போனா போவுது."

அவர் தடுக்கவில்லை; தடுக்க அவருக்கு என்ன உரிமை இருந்தது? தம் கையாலேயே பெட்டியின் இணைப்பைக் கழற்றி, ஒலிவாங்கியை நேராக ஒலிபெருக்கியில் பொருத்திக் கொடுத்தார். செங்கொடி மூச்சை இழுத்துக்கொண்டு, இத்தனை நாள் அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்து, "மீனே" என்று ஒரே கூவல் கூவினாள்.

காக்கைகள் எழுந்தன. கதவுகள் திறந்தன. மாடிப்படிகளில் செருப்பொலி மழையாகக் கொட்டியது. பெண்கள் கையில் கிடைத்த பாத்திரங்களோடு ஓடிவந்து வண்டியை மொய்த்துக்கொண்டார்கள். எனக்கு உனக்கு என்று கைகள் நீண்டன. செங்கொடி இன்னொரு முறை கூவுவதற்கு வாயைத் திறந்தபோது, அதற்கு அவசியமே இல்லை என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டுக்கொண்டு, விலைகூடப் பேசாமல் வாங்கிச் சென்றார்கள்.

தேவகிருபை மரத்தடியிலிருந்து மெல்ல வந்தார். ஜுபைரின் முகத்தைப் பார்க்கவே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"மனசுல வச்சுக்காதீங்க பாய். ஜனங்களுக்குச் சுத்தமான கொரலு வேணாம், பழகின கொரலுதான் வேணும்போல. நாளைக்கி நாங்க எங்க பழைய செட்டையே வச்சுப் பாடிக்கறோம்."

ஜுபைர் தலையசைத்தார். ஒரு கழுதை, குயிலிடம் குரலை இரவல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பியதாம். எசமானன் அடையாளம் தெரியாமல் விரட்டிவிட்டானாம். இப்படி ஒரு கதை அவர் நெஞ்சில் தானாகவே உருவாகி, தானாகவே நீதியும் சொல்லிக்கொண்டது. செங்கொடி அருகில் இருந்ததால் அதை வெளியே சொல்லவில்லை. பெட்டியைத் துண்டில் சுற்றி முடிச்சிட்டார். மறுபடி அவிழ்க்கும் எண்ணம் இல்லாதவர் போடும் முடிச்சு அது.

அப்போதுதான் மூன்றாம் மாடி நர்மதா, கால்வலியோடு ஒவ்வொரு படியாக இறங்கி, எல்லாருக்கும் கடைசியாக வண்டியருகே வந்து சேர்ந்தாள். கூடையின் அடியில் கிடந்த கடைசிச் சங்கராவைப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு, துண்டில் சுற்றிய பெட்டியை ஏக்கத்தோடு பார்த்தாள்.

"பாட்ட ஏன்க்கா நிறுத்திட்டே? முன்னல்லாம் மீனு தீந்தாத்தான் உன் கொரலு தெருவ வுட்டுப் போவும்னு ஓடியாந்து வாங்குவோம். இந்த நாலு நாளா, வாங்கிட்டா எங்க வண்டி கெளம்பிடப் போவுதோன்னுதானே ஒருத்தரும் கீழ எறங்காம கெடந்தோம்."