பைக்குள் கைவிடும் பரீட்சை

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அடுக்குமாடிகளில் ஒரு வகைத் தகப்பன்மார் பெருகி வருகிறார்கள். இவர்களைச் செய்முறைத் தகப்பன்மார் என்று அழைப்போம். பிள்ளை எதையும் தொட்டு, பிசைந்து, மணந்து பார்த்துத்தான் உலகத்தைப் படிக்க வேண்டும் என்று யாரோ கைபேசியில் சொல்லக் கேட்டு, அதை அப்படியே நம்பி, மறுநாளே சாயமிட்ட அரிசி, புனல், பூதக்கண்ணாடி, வண்ணக் களிமண் எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து, அதன் பிறகு பிள்ளையை அவற்றில் கைவைக்க விடாதவர்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். இல்லாவிட்டால் லிஃப்டுக்குள் கொஞ்ச நேரம் நில்லுங்கள், ஒருவர் வருவார்.

நமக்கு வாய்த்தவர் சுகிர்தன். தனியார் வங்கியொன்றில் வேலை. மகள் யதுஷாவுக்கு நாலு வயது. சனிக்கிழமை காலை என்றால் அந்த வீட்டில் விஞ்ஞானம். மனைவி சுபோதினி தரையில் பிளாஸ்டிக் விரிப்பாள், சுகிர்தன் கண்ணாடிக் குவளையில் அப்பச்சோடாவைப் போடுவார், யதுஷா வினாகிரிப் போத்தலுக்குக் கை நீட்டுவாள்.

"பொறுங்கோ குஞ்சு, அப்பா ஊத்திக் காட்டிறன். நீங்கள் அவதானியுங்கோ."

பொங்கும். "ஏன் பொங்கினது?" என்பார். கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது. கைதட்டு மட்டும் யதுஷாவுடையது. அது அப்பா எடுக்கும் வீடியோவில் சரியாக விழாவிட்டால் திரும்பவும் தட்ட வேண்டும்.

ரயில் பாதையைக் கடந்தால் கடற்கரை. அங்கே மணலுக்கு ஒருவரும் சல்லி கேட்பதில்லை. யதுஷா அளைவதோ பெட்டியில் வந்த, மணமூட்டிய, கையில் ஒட்டாத மணல். சுபோதினி ஒருநாள் வாய்விட்டுக் கேட்டாள்: "இஞ்சாருங்கோ, பிள்ளையை ஒருக்கா பீச்சுக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன?"

"அங்கை போய் என்னத்தைப் படிக்கிறது?" என்றார் சுகிர்தன்.

இப்படி இருக்கையில் யதுஷாவின் முன்பள்ளியில் தொட்டறியும் நாள் ஒன்றை அறிவித்தார்கள். துணிப்பை ஒன்றுக்குள் பிள்ளை பார்க்காமல் கையை விட்டு, என்ன தட்டுப்படுகிறது என்று சொல்ல வேண்டும். பெற்றோர் வந்து உட்கார்ந்து பார்க்கலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் மெற்றில்டா டீச்சர் முன்கூட்டியே சொன்னார்: "இதில பாஸ், பெயில் ஒண்ணும் இல்ல. பிள்ளைகள் வாயில வாறத சொல்லட்டும்."

"மார்க்ஸும் இல்லையோ டீச்சர்?" என்று கேட்டார் சுகிர்தன்.

"இல்ல."

"அப்ப முதலாம் பிள்ளையை எப்பிடித் தெரிவு செய்யிறது?"

டீச்சர் புன்னகைத்தார். புள்ளியை இரகசியமாகப் போடப் போகிறார்கள் என்று சுகிர்தன் விளங்கிக்கொண்டார். அவருக்குத் தூக்கம் போயிற்று. மகள் பத்துப் பேருக்கு முன்னால் பேந்தப் பேந்த விழித்தால், இத்தனை சனிக்கிழமைகளும் எதற்கு?

கடந்தகால வினாத்தாள் செய்யாமல் பரீட்சைக்குப் போன பரம்பரையா அவருடையது? கீழ் மாடி லுத்பியாவின் மகன் அஸாம் போன வருடம் அதே முன்பள்ளியில் படித்தவன். நேரே போய்க் கதவைத் தட்டினார்.

"லுத்பியா, போன வருசம் பைக்குள்ளை என்னென்ன வந்தது?"

"என்ன வந்ததா? அது என்ன சோதனப் பேப்பரா?" லுத்பியாவுக்குச் சிரிப்பு. "பஞ்சு, சாண்ட்பேப்பர், தேங்காச் செரட்ட... எங்கட புள்ள செரட்டய ஆமை எண்டு சொன்னான். டீச்சர் விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"ஐயோ பாவம், பிழைச்சுப்போச்சே," என்று மனதார அனுதாபப்பட்டுவிட்டு சுகிர்தன் மேலே ஏறினார்.

அன்றே வகுப்புத் தொடங்கியது. மெதுமெது, பஞ்சு. சொரசொர, சாண்ட்பேப்பர். மொழுமொழு, சிரட்டை. குளிக்கும்போது, சாப்பிடும்போது, ஓட்டோவில் போகும்போது, யதுஷா தலைகீழாக ஒப்புவித்தாள். பஞ்சையோ சிரட்டையையோ ஒருவரும் எடுத்துக் காட்டவில்லை. விடை தெரிந்த பிறகு பொருள் எதற்கு? மறந்துபோனால் உதவிக்குச் சைகையும் இருந்தது. அப்பா கன்னத்தைத் தடவினால் பஞ்சு, தாடையைச் சொறிந்தால் சாண்ட்பேப்பர், தன் தலையில் தானே குட்டினால் சிரட்டை. தாடை தத்ரூபமாக இருக்கட்டும் என்று அவர் சவரம் செய்வதை நிறுத்தினார். வங்கியில் மேலாளர் குரலைத் தாழ்த்தி, வீட்டில் யாரும் தவறிவிட்டார்களா என்று விசாரித்தார்.

அந்த நாளும் வந்தது. யதுஷா பைக்குள் கையை விட்டாள். முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு கண் அகலமாயிற்று. பிறகு சிரித்தாள். வீடியோவுக்குச் சிரிக்கிற சிரிப்பல்ல. தோள் குலுங்க, மூச்சு வாங்க, வயிற்றிலிருந்து கிளம்பி வந்த சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு தன் மகளிடம் இருக்கிறதென்று சுகிர்தனுக்கு அதுவரை தெரியாது.

"அப்பா! அப்பா, இது வந்து..."

சுகிர்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த விடையும் "இது வந்து" என்று தொடங்குவதில்லையே! மறந்துவிட்டாள், தொலைந்தது. பட்டியலில் முதலாவது பஞ்சுதானே என்று அவசர அவசரமாகக் கன்னத்தைத் தடவினார். ஒரு கையால் போதாதென்று இரண்டு கையாலும் தடவினார்.

யதுஷா அதைக் கண்டாள். சிரிப்பு நின்றது. கையை வெளியே எடுத்தாள்.

"மெதுமெது. பஞ்சு."

எல்லாரும் கைதட்டினார்கள். சுகிர்தன்தான் பலமாகத் தட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான், மகளின் விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கண்டார்.

முடிந்ததும் டீச்சரைத் தேடிப் போனார். "டீச்சர், உண்மையிலை உள்ளுக்கை என்ன இருந்தது?"

"உங்கட மகள்ட கைதானே உள்ளுக்குப் போனது? அவவையே கேளுங்க."

ஓட்டோவில் கேட்டார்.

"பஞ்சு," என்றாள் யதுஷா.

"இல்லையம்மா. அப்பா ஏசமாட்டன். நீங்கள் சிரிச்சனீங்களெல்லோ, ஏன் சிரிச்சனீங்கள்?"

யதுஷா அவருடைய முகத்தைப் பார்த்தாள். கன்னத்தைப் பார்த்தாள், தாடையைப் பார்த்தாள், கை எங்கே போகிறதென்று பார்த்தாள். சுகிர்தன் இரண்டு கையையும் மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தச் சிரிப்பை இன்னொரு தரம் கேட்க மாட்டோமா என்று அவருக்கு இருந்தது. ஒரு சைகையும் வரவில்லை. யதுஷாவின் உதடு பிதுங்கியது. அழத் தொடங்கிவிட்டாள்.

நீங்கள் இந்த இனத்தைச் சேர்ந்தவர் அல்ல என்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் நினைத்ததைத் தொட்டு, நினைத்ததைச் சொல்லி வளர்கிறார்கள், மெத்தச் சந்தோசம். ஆனால் இவ்வளவு தூரம் வாசித்து வந்த உங்களுக்கு இப்போது ஒரு மனக்குறை இருக்கிறது. பிள்ளை அழுததல்ல அந்தக் குறை. பைக்குள் என்ன இருந்தது என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லையே, அதுதான்.