ஒரே நாளில் முடிந்த மூன்று வார வேலை

ஒரு காட்டில், டவர் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே நாவல் மரத்தில், ஓர் அணில் இருந்ததாம். எறும்பு கம்பெனியில் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த அணில் அது. அங்கே எல்லாமே வரிசைதான். தும்மல் வந்தால்கூட முன்னால் நிற்பவர் தும்மி முடிக்க வேண்டும். அலுத்துப்போய், இனி ஃப்ரீலான்ஸ்தான் என்று வெளியே வந்துவிட்டது. ராணி எறும்பு நல்லவர். ஒரு மாதத்துக்கு அதன் இடத்தைக் காலியாகவே வைத்திருப்பதாகச் சொன்னார், சிரித்துக்கொண்டே.

ஃப்ரீலான்ஸ் தளத்தில் ஒரு வழக்கம். யாராவது ஒருவர் நட்சத்திரம் போட்டிருந்தால்தான் அடுத்தவர் வேலை கொடுப்பார். அந்த முதல் ஆள் எங்கிருந்து வருவார் என்று மட்டும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துக் கரடி அண்ணாச்சி வந்தார். தேன் கடைக்காரர். வாசலில் தினமும் தள்ளுமுள்ளு. வீட்டிலிருந்தே டோக்கன் போட ஓர் ஆப் வேண்டுமாம். அணில் அன்று சாயங்காலமே முடித்துக் கொடுத்தது. அண்ணாச்சி தட்டிப் பார்த்தார். டோக்கன் வந்தது. முகம்தான் சரியில்லை.

“காலையில சொன்னேன், சாயங்காலம் கொண்டாந்து நிக்க. அப்ப இதுல என்னடே வேல இருக்கு?”

“நல்லாத்தானே ஓடுது அண்ணாச்சி?”

“ஓடுது. அதான் பயமா இருக்கு.”

நட்சத்திரம் போடவில்லை. இன்னும் பாடுபட்டுச் செய்து கொண்டுவா என்று அனுப்பிவிட்டார்.

அணில் மரமேறி, எழுதியதையெல்லாம் வரிவரியாகப் பார்த்தது. மாற்ற ஒன்றுமில்லை. மாதம் முடிய மூன்று வாரம்தான் பாக்கி. அதற்குள் நட்சத்திரம் வராவிட்டால் திரும்பவும் எறும்பு வரிசை. கொஞ்ச நேரம் யோசித்தது. லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து அண்ணாச்சிக்குத் தகவல் போனது. திங்கட்கிழமை, சர்வரில் ஒரு சிக்கல். செவ்வாய்க்கிழமை, சிக்கலுக்குள் இன்னொரு சிக்கல். புதன்கிழமை ஒன்றுமே அனுப்பவில்லை. அண்ணாச்சி பதறிப்போய், சாப்பிட்டாயா என்று அவரே கேட்டார். அடுத்த வாரம் ஒரு பொட்டலம் பலாச்சுளை வந்தது. அணில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, கண்ணெல்லாம் எரிகிறது என்று பதில் போட்டது.

மாதத்தின் கடைசி நாள், அதே ஆப்பை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தது. அண்ணாச்சி தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“இப்பதாம்டே இதுல உழைப்பு தெரியுது.”

ஐந்து நட்சத்திரம். கீழே, உடம்பைப் பாராமல் உழைக்கும் பிள்ளை என்றும் எழுதினார்.

அதைப் பார்த்துவிட்டுக் கிழங்குக் கடைக் காட்டுப்பன்றி போன் செய்தார். தனக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்றார். அணில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, ஆறு வாரம் என்றது.

காட்டுப்பன்றி சந்தேகத்தோடு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“ஆறே வாரமா? நம்பிக் கொடுக்கலாமா தம்பி?”

மன்னிக்க வேண்டும் ஐயா, எட்டு என்றது அணில்.

நீதி: தொழிலைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளுங்கள், அப்போதுதான் நிம்மதியாகத் தாமதிக்க முடியும்.