அம்மாவின் பெயர் ஸ்தமாட்டியா

மெல்போர்னில் இருக்கும் அருமைத் தம்பி பனோர்மிட்டிஸுக்கு, சிமி தீவிலிருந்து அண்ணன் நிகிதாஸ் ஆசிகளோடு எழுதுவது. இங்கே அம்மாவும் நானும், போன ஞாயிறு ஞானஸ்நானம் முடிந்த என் மகளும், இரண்டு ஆடுகளும் சுகம். என் மனைவி தெமெலினாவும் சுகம்தான், என்னோடு பேசுவதில்லை, அவ்வளவே.

அடுத்த மாதம் உனக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. பெண் என்றால் ஒரு கணமும் யோசிக்காமல் ஸ்தமாட்டியா என்று அம்மா பெயரை வை. மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயர்தான், இதில் பேச்சுக்கே இடமில்லை. அதுவும் லேசுப்பட்ட பெயரா? தாத்தா கடற்பஞ்சு எடுக்கப் போய் ஆறு மாதம் கழித்துத் திரும்பினால் தொட்டிலில் ஐந்தாவதும் பெண், நம் அம்மா. 'போதும், இத்தோடு நிற்கட்டும்' என்று அதே அர்த்தமுள்ள இந்தப் பெயரை வைத்தார், அடுத்தது மாமா பிறந்தார். சொன்னால் சொன்னபடி வேலை செய்கிற பெயர் ஊரில் வேறு யாருக்கு இருக்கிறது, சொல்லு பார்ப்போம்.

தெமெலினாவுக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. "முதல் பொண்ணுய்யா இது. அவளைப் பார்த்து தினமும் போதும் போதும்னு கூப்பிடணுமா?" என்று எட்டு மாசம் ஒரே பாட்டு. நான் அசையவில்லை. உடனே அவள், பெயரைச் சொல்லப்போகிற ஞானத்தாய் ஸெவஸ்தியைக் கைக்குள் போட்டுக்கொண்டாள். விடுவேனா? ஸெவஸ்தி ரொட்டி வாங்கப் போனால் நான் அங்கே, மீன் வாங்கப் போனால் அங்கேயும் நான். கடைசியில் அவள் என்னைப் பார்த்தாலே தெரு மாறிப் போக ஆரம்பித்தாள். கோயிலில் பாதிரியார் சட்டைக் கையை மடித்துவிட்டு, எண்ணெய் வழிகிற பிள்ளையைத் தூக்கிப் பிடித்து "பேர் என்ன?" என்கிறார், ஸெவஸ்தி தெமெலினாவைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், வாயே திறக்கவில்லை, பிள்ளை வீரிட்டு அழுகிறது, பாதிரியார் "சீக்கிரம் சொல்லும்மா, வெந்நீர் ஆறுது, பிள்ளை வழுக்குது" என்கிறார். "ஸ்தமாட்டியா" என்று நானே குரல் கொடுத்தேன். "உன்னை யாருப்பா கேட்டா, நீ சும்மா இரு" என்று எல்லார் முன்னாலும் அதட்டிவிட்டார். இருக்கட்டும். ஸெவஸ்தி பயந்து அதையே சொன்னாள், மூன்று முறை முக்கி எடுத்தாயிற்று, இனி யாராலும் அசைக்க முடியாது. அம்மா முன்வரிசையில் குலுங்கிக் குலுங்கி அழுதாள். எத்தனை சந்தோஷம் பார். ஒரு மகன் இதைவிட என்ன செய்துவிட முடியும், நீயும் செய்.

உன் வீட்டுக்காரிக்கு நல்லபடியாகப் பிரசவமாகட்டும். நம் அதிதூதர் மிக்காயேல் மூவரையும் காக்கட்டும்.

அன்பு அண்ணன்,
நிகிதாஸ்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "சந்தோஷத்துல அழுதேன்னு உனக்கு யாருடா சொன்னது? எழுபத்தாறு வருஷமா யார் கூப்பிட்டாலும், எங்கப்பா தொட்டிலைப் பார்த்துப் போதும்னு சொன்னதுதான் என் காதுல விழுது. இந்தப் பேர் என்னோட போயிடும்னு நெனச்சிருந்தேன். அதைத் தூக்கி அந்தப் பச்சப்புள்ள தலையில வச்சுட்டியே." முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீ எங்கடா கேட்ட?" என்றாள். பாதிரியாரிடம் ஓடினேன், இனி மாற்ற முடியாது என்கிறார். தெமெலினா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை. தம்பி, உனக்குப் பெண் பிறந்தால் அந்தப் பெயரை மட்டும் வைத்துவிடாதே. முதலில் போன் போட்டு அம்மாவைக் கேள். நான் கேட்கவில்லை.