மாத்திரை மறுத்த மருமகள் குறித்து

கர்த்தருக்குள் பிரியமான சம்பந்தி டேனியல் அவர்களுக்கு, சேலையூரிலிருந்து சுந்தர்சிங் ஸ்தோத்திரத்துடன் எழுதுவது. தேவகிருபையால் இங்கே அனைவரும் சுகம். சுகம் என்று எழுதுவது மரியாதைக்கு; விவரம் கீழே வருகிறது. தாங்கள் இருக்கும் பல்லாவரம் பக்கத்திலேயே இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போன் செய்தால் சம்பந்தியம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுவார்கள். விஷயம் ஸ்பீக்கருக்கு உகந்ததல்ல.

ஆலயத்தில் முதல் பெஞ்சு என்னுடையது என்பது தங்களுக்குத் தெரியும். கொஞ்ச நாளாக அதில் உட்கார முடியவில்லை. உட்காரும் இடத்தில் அப்படி ஓர் அரிப்பு. நான் நெளிவதைக் கண்ட போதகர், தம் பிரசங்கம்தான் குத்துகிறது என்று நினைத்து, என்னையே பார்த்துப் பாவமன்னிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மானம் போகிறதே என்று கேம்ப் ரோடு டாக்டரம்மாவிடம் ஓடினேன். "வயித்துல கீரிப்பூச்சிதான் சார், பயப்படாதீங்க. வீட்டுல எல்லாரும் ஒரே நாள்ல மாத்திரை போடணும். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவை. நகத்தை ஒட்ட வெட்டுங்க, பெட்ஷீட்டை வெந்நீர்ல துவைங்க. ஒருத்தர் விட்டாலும் திரும்ப வந்துடும்" என்றார். பிறகு, "வீட்டுல யாராவது..." என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் யாருமில்ல டாக்டர், எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம்" என்று நானே முடித்துவைத்து, மாத்திரையோடு வந்துவிட்டேன்.

டிரில் மாஸ்டராக இருந்தவன் அல்லவா, வீட்டாரை ஹாலில் வரிசையாக நிறுத்தினேன். பழக்கதோஷத்தில் விசிலும் ஊதினேன். என் மனைவி ரத்தினபாய் மென்று விழுங்கினாள். மகன் காலேப் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினான். தங்கள் மகள் ஜெரூஷா மட்டும், "எனக்கு வேணாம் மாமா" என்றாள். "ஏம்மா?" என்றால், "அப்புறமா சொல்றேன் மாமா." காலேபோ, "விடுங்கப்பா, அவளுக்கு வேணாம்" என்கிறான். என் வியாதிக்கு அவள் ஏன் மருந்து தின்ன வேண்டும் என்ற நினைப்போ என்னவோ. எனக்கு உள்ளபடியே வருத்தம்தான் சம்பந்தி. மகளாகத்தான் பார்க்கிறேன், மகளாக இருந்தால் காதைத் திருகியிருப்பேன்.

கடைசியில் அவள் மாத்திரையைப் பொடித்துச் சத்துமாவுக் கஞ்சியில் கலந்தேன். ஜெரூஷா டம்ளரை வாங்கி வாயருகே கொண்டுபோனாள். அதற்குள் ரத்தினபாய் பாய்ந்து பிடுங்கி, "என்னங்க, உங்களுக்கு அறிவிருக்கா?" என்று அத்தனையையும் தொட்டியில் கொட்டிவிட்டாள். ஒரு பருக்கையைக்கூட வீணாக்காதவள்! காரணம் கேட்டால் அவளும் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள். என் வீட்டில் எனக்கெதிராக மூன்று பேர் கட்சி கட்டியிருக்கிறார்கள்.

ஆகவே தாங்கள் வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சம்பந்தியம்மாவுடன் வந்து, தங்கள் மகளுக்குப் புத்தி சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். மதியச் சாப்பாடு இங்கேதான். கர்த்தர் உங்கள் வீட்டையும் வயிற்றையும் ஆசீர்வதித்துக் காப்பாராக.

தங்கள் அன்புள்ள,
சுந்தர்சிங்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் ஜெரூஷாவே வந்து அருகில் உட்கார்ந்தாள். "மாமா, கோவமா இருக்கீங்களா? மூணு மாசம் முடியறவரைக்கும் அந்த மாத்திரை போடக் கூடாதுன்னு நான் செக்கப்புக்குப் போற டாக்டர் சொல்லிட்டாங்க. ஞாயித்துக்கிழமை அப்பாவை வரச் சொல்லி, அவரும் நீங்களும் சேர்ந்திருக்கும்போது சொல்லணும்னு இருந்தோம்" என்றாள். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் அந்தக் கஞ்சி டம்ளர்தான் கண்முன் நின்றது. கோந்து பாட்டிலைக் கவிழ்த்து, விரலெல்லாம் கோந்து. டாக்டரம்மா கேட்க வந்த கேள்வியும் அதுதான். கேட்க விட்டேனா நான்? உடனே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். ஜெரூஷா கையை நன்றாகக் கழுவினால் போதும், அவளுக்கு மாத்திரை வேண்டாம் என்றார்.

மேலே உள்ள புகார் அனைத்தையும் வாபஸ் வாங்குகிறேன். ஞாயிறு வருவதை மட்டும் மாற்ற வேண்டாம். தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. ஆனால் செய்தியைத் தன் வாயால்தான் அப்பாவிடம் சொல்ல வேண்டுமாம் அவளுக்கு. ஆகையால் தாத்தா அவர்களே, தாங்கள் எதையும் படிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் சொல்லும்போது நன்றாக அதிர்ச்சியடையவும். நானும் கூடவே அதிர்ச்சியடைகிறேன்.