கதவில்லாத வீட்டில் ஒட்டிய சம்மன்

கோர்ட்டு முத்திரை விழுந்த காகிதத்தில் பொய் இருந்தால், காகிதம் மாறாது, உலகம்தான் அதற்கேற்ப மாறிக்கொள்ளும் என்று இருபத்து மூன்று வயதில் மனதார நம்பினேன். அப்போது தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு முன்சீப் கோர்ட்டில் நான் நகல் எழுதும் குமாஸ்தா. இந்த ஞானத்தை எனக்கு ஊட்டியவர் வீடுவீடாகச் சம்மன் கொண்டுபோகும் கோர்ட்டு அமீனா; ஊர் அவருக்கு வைத்த பெயர் பசை அமீனா.

காவிரிப் பாசனத்தில் அவர் சம்மன் ஒட்டாத கதவு கிடையாது. ஒட்டியதைப் பார்த்தவனும் கிடையாது. கையில் எப்போதும் மைதாப் பசை டப்பா. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டின் சுவரொட்டிக்காரர்களும் அவரிடம்தான் பக்குவம் கேட்டு வருவார்கள். ஒருமுறை, தலைமறைவான பிரதிவாதியின் எருமை முதுகில் சம்மனை ஒட்டி, 'பிரதிவாதியின் அசையும் சொத்தில் ஒட்டிச் சார்வு செய்யப்பட்டது' என்று எழுதினார். எருமை குளத்தில் இறங்கியது. வழக்கு தள்ளிப்போனது.

மிராசுதாருக்குச் சம்மன் என்றால் நேரில் போய், கையில் கொடுத்து, காபி குடித்துவிட்டு வருவார். குடிசைக்கு என்றால் கோர்ட்டு வாசல் புளியமரத்தடியிலேயே வேலை முடிந்துவிடும். 'ஆள் இல்லை, கதவில் ஒட்டினேன்.' சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிடுவார்.

"தம்பி, ஒரு கையெழுத்து."

"நான் பாக்கலையே அண்ணே?"

"நான் மட்டும் பாத்தேனா? போடுப்பா."

போடுவேன்.

உழுபவனுக்கே நிலம் என்று மேடைதோறும் முழங்கிய காலம் அது. மேடைக்குக் கீழே மிராசுதார்கள் நிதானமாக வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அய்யாவு என்ற குத்தகைக்காரர் கோர்ட்டுக்கு வரவில்லை என்று அவருக்கு எதிராக ஒருதலையாகத் தீர்ப்பாகிவிட்டது. கதிர் முற்றும் நேரத்தில், நிலம் பறிபோகிறது என்று தெரிந்து ஓடிவந்தார். முன்சீப் பசை அமீனாவின் ரிப்போர்ட்டை வாசித்துக் காட்டினார்.

"கதவுல ஒட்டுனாங்களா? எங்க வீட்டுக்குக் கதவே கெடையாதுங்கய்யா. படல்தான்."

கோர்ட்டே சிரித்தது. முன்சீப் சிரிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் பதினேழு-பி மெமோ வந்தது. வேலையையே தின்றுவிடக்கூடிய மெமோ அது. திங்கட்கிழமை அந்த வீட்டை நேரில் பார்ப்பதாகவும் சொன்னார்.

திருச்சி ஜெயிலில் களிக்குத் தொட்டுக்கொள்ள என்ன கொடுப்பார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்தேன். பிறகு எனக்கொரு யோசனை உதித்தது.

"அண்ணே, கதவு இல்லேன்னாதானே தப்பு?"

ஞாயிறு காலை, நான் குடியிருந்த வீட்டுக் குளியலறைக் கதவைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றினோம். வீட்டுக்காரம்மா அன்று குளிக்கவில்லை.

அய்யாவு வீட்டில் இல்லை. அவர் மனைவி கதவை மேலும் கீழும் பார்த்தார்.

"கதவு நல்லாத்தாங்க இருக்கு. மாட்டறதுக்கு நெலை வேணும், நெலைக்குச் சுவரு வேணும். எங்களுது மூங்கித் தட்டிங்க. சுவரு எப்பக் கொண்டாருவீங்க?"

நான் கையில் ஆணியோடு நின்றேன். ரிப்போர்ட்டில் மூன்று தடவை 'போய்வந்த' அந்த வீட்டைப் பசை அமீனா முதல்முறையாகப் பார்த்தார். பின்னால் சம்பாக் கதிர் தலைசாய்ந்து நின்றது.

"இதுவாம்மா அந்த நெலம்?"

"இதாங்க. அறுக்கலாமா கூடாதான்னு நீங்கதான் சொல்லணும்."

பசை அமீனா அந்த அம்மா கொடுத்த நீராகாரத்தைக் குடித்துவிட்டு வண்டியில் ஏறினார்.

"கதவ வச்சிட்டுப் போங்க, நெல்லு காயப்போடலாம்" என்று குரல் வந்தது. வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் முன்சீப் கிளம்புவதற்குள் பசை அமீனா எழுதிக் கொடுத்துவிட்டார்: போகவில்லை, ஒட்டவில்லை. தீர்ப்பு ரத்தானது, தை மாதம் அய்யாவு அறுத்தார். பசை அமீனாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். எனக்கு வெறும் கண்டனம். அவர் மிரட்டியதால்தான் நான் கையெழுத்துப் போட்டேனாம்; அதையும் அவரே எழுதியிருந்தார். அவருடைய கடைசிப் பொய் ரிப்போர்ட் அது.

அவர் ஒருநாளும் என்னை மிரட்டியதில்லை. தம்பி என்று கூப்பிட்டார், நான் போட்டேன்.