குச்சனூர் மாமா வந்து பார்க்கும் வரை

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வாறேன் மாப்ள. அசையாமப் படுத்திருங்க."

குச்சனூர் மாமா போனை வைத்துவிட்டார். ஈஸ்வரபாண்டி ஒரு கையில் செல்போனும் மறு கையில் பூப்பந்து மட்டையுமாக நடுவீட்டில் நின்றார். அதே ஞாயிறு, அதே பத்து மணிக்குப் பெரியகுளத்தில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கான பூப்பந்துப் போட்டி. அவருடைய அணிக்கு சென்டரில் நிற்க வேண்டியவர் அவர்தான்.

ஈஸ்வரபாண்டிக்கு வீடு ஜெயமங்கலத்தில். பெரியகுளத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். இடுப்பு மூட்டு தேய்ந்து மூன்று வருஷம் நொண்டியவர், ஏழு மாதத்துக்கு முன் மதுரையில் ஆபரேஷன் செய்துகொண்டார். மூட்டையே வெட்டி எடுத்துவிடாமல், தேய்ந்த எலும்பின் மேல் உலோகத்தில் ஒரு தொப்பி மாட்டுகிற வைத்தியம். "இனி ஓடலாம், ஆடலாம், உங்க இஷ்டம்" என்று டாக்டர் போன வாரம் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்.

டாக்டர் விட்டுவிட்டார். மனைவி மாரீஸ்வரிதான் விடவில்லை.

இந்தப் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தால், சொந்தபந்தம் அத்தனை பேரும் ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும். அவர்கள் வரும்போது நோயாளி படுத்திருக்க வேண்டும். எழுந்து நடமாடிக்கொண்டிருந்தால் வந்தவருக்கு என்ன மரியாதை? நான் வந்து பார்ப்பதற்குள் இவர் எப்படிக் குணமாகலாம் என்று கோபித்துக்கொள்வார்கள். எழுபத்திரண்டு வீட்டார் வந்து போய்விட்டார்கள். பாக்கி ஒரே ஒருவர், மாரீஸ்வரியின் சித்தப்பா சுருளியாண்டி. அவர்தான் குச்சனூர் மாமா.

தகப்பன் இல்லாத மாரீஸ்வரியைத் தாரை வார்த்துக் கொடுத்தவர் அவர். பாசக்காரர், அதைவிடக் கோபக்காரர். ஈஸ்வரபாண்டி மகளின் காதுகுத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் போனில் அழைத்துவிட்டார்கள் என்று நாலு வருஷம் இந்த வீட்டில் கை நனைக்கவில்லை. வருவார், உட்காருவார், தான் கொண்டுவந்த பாட்டிலிலிருந்து தண்ணீர் குடிப்பார், போய்விடுவார். அப்படிப்பட்டவர் இந்த ஏழு மாதத்தில் மூன்று தடவை பார்க்க வருவதாகச் சொல்லி, வாழைத்தார் வெட்டு, மோட்டார் ரிப்பேர், மழை என்று மூன்று தடவையும் தள்ளிப் போட்டார்.

அவர் வந்து பார்க்கும் வரை ஈஸ்வரபாண்டி கைத்தடி இல்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அந்தத் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிப்போய் பஸ் பிடித்த நாளும் உண்டு.

"ஒரு போட்டிக்குப் போகலைன்னா என்ன ஆயிரும்?" என்றாள் மாரீஸ்வரி.

"மூணு வருசமா ஆட்டத்துல எறங்கல மாரி. காலைத் தூக்கி டவுசர் மாட்ட முடியாமக் கெடந்தவன். இந்த ஒரு ஆட்டம் ஆடிட்டேன்னா, நான் பழைய ஆளாயிட்டேன்னு எனக்கே நம்பிக்கை வரும்."

சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் உடைந்தது. மாரீஸ்வரிக்கும் மனசு இளகியது. இரவெல்லாம் அவர் வலியில் முனகியதைக் கேட்டு விழித்திருந்தவள் அவள்தானே.

"அப்பச் சித்தப்பாவ நாளைக்கே வரச் சொல்லுங்க. வந்து பாத்துட்டுப் போயிட்டாகன்னா நீங்க எங்கிட்டும் போங்க."

ஈஸ்வரபாண்டி போன் போட்டார். நாளைக்கே வாருங்கள் என்றால் காரணம் வேண்டுமே. "மாமா, வலி கொஞ்சம் கூடுனாப்புல இருக்கு. நாளைக்கே வந்தீகன்னா ஒரு தெம்பா இருக்கும்."

மாமாவின் குரல் தழுதழுத்து வந்தது. "கூடிருச்சா? அப்ப நான் மட்டும் வந்தாப் பத்தாது மாப்ள. ஞாயித்துக்கிழமைதான் எல்லாருக்கும் லீவு. வேன் பிடிச்சுக் குடும்பத்தோட வாறோம். தைரியமா இருங்க."

ஒருத்தர் பன்னிரண்டு பேரானார்கள். மாரீஸ்வரி அரிசி மூட்டையைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் பயமாக இருந்தது.

மாமாவை நகர்த்த முடியாவிட்டால் போட்டியை நகர்த்தலாம் என்று ஈஸ்வரபாண்டி அணித் தலைவர் ஜெய்லானியின் டயர் கடைக்குப் போனார்.

"ஆட்டத்தப் பன்னெண்டு மணிக்கு மாத்து ஜெய்லானி. மாமா பாக்க வாறாரு."

"மாமா பாக்க வாறாருன்னு எதிர் டீமுக்கிட்ட எப்படிலே சொல்றது? சிரிப்பாக. விடு, நான் ஏதாச்சும் சொல்லிக்கிறேன்."

சாயங்காலம் ஜெய்லானி போன் செய்தார். பன்னிரண்டு மணிக்கு மாற்றியாயிற்று. எதிர் அணி மறுபேச்சுப் பேசாமல் ஒத்துக்கொண்டதாம். என்ன சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தாய் என்று கேட்க ஈஸ்வரபாண்டிக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலை கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார். கழுத்து வரை போர்வை. போர்வைக்குள் அணிச் சட்டை, அரைக்கால் டவுசர், ஷூ. பத்து மணிக்கு மாமா பார்ப்பார், பதினொன்றுக்குப் பந்தி, பதினொன்றரைக்கு வேன் கிளம்பும், அது தெருமுனை திரும்பியதும் இவர் பைக்கில் பெரியகுளம் போய்விடுவார். கணக்குப் பிசகாது என்றே நினைத்தார்.

பத்து மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். மாமா இல்லை. இரண்டு அணிகளும் ஆட்டச் சட்டையோடு, பத்துப் பேர், தலையைத் தொங்கப்போட்டபடி உள்ளே வந்தார்கள். எதிர் அணித் தலைவர் முத்துராஜா கையில் ஒரு பை நிறைய ஆப்பிள்.

ஜெய்லானி குனிந்து காதோடு சொன்னார். "உனக்கு ரொம்ப முடியலைன்னு சொல்லித்தான் நேரத்த மாத்துனேன். மனசு கேக்காம, பாத்துட்டுத்தான் ஆடுவோம்னுட்டாக. நீ எந்திரிச்சு, சரியாப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

ஈஸ்வரபாண்டி முழங்கையை ஊன்றினார். அதே நேரம் வேன் ஹாரன் அடித்தது. முழங்கை தானாகவே மடங்கிவிட்டது.

முதலில் உள்ளே வந்தவள் மாமாவின் மனைவி கருத்தம்மாள். கட்டிலைச் சுற்றிப் பத்து ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் அவள் கட்டிலை நோக்கி ஓடினாள். "ஏ ஆத்தா மாரி, இம்புட்டுத் தூரம் ஆயிருச்சா" என்று தலைமாட்டில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பின்னால் வந்தவர்களும் என்ன ஏது என்று கேட்காமல் அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.

அழுகையைப் பார்த்து முத்துராஜாவுக்கும் கண் கலங்கியது. "நல்லா ஆடிக்கிட்டிருந்த மனுசன்" என்றார்.

எல்லாம் தெரிந்த ஜெய்லானிக்கே சந்தேகம் வந்துவிட்டது. நேற்று வரை சுவரில் பந்தடித்தவனுக்கு ராத்திரியில் நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டது போலிருக்கிறது. அவர் பெருமூச்சு விட்டுத் திரும்பினார். "விஜய்ராஜ், நீ சென்டர்ல நில்லு."

விஜய்ராஜ் பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஆட்டக்காரர். அவர் அங்கேயே குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார். ஈஸ்வரபாண்டி இப்போது நிஜமாகவே முனகினார்.

வந்தவர்களை எண்ணிப் பார்த்த மாரீஸ்வரிக்கு ஓர் ஆள் குறைந்தது. "சித்தி, சித்தப்பா எங்க?"

கருத்தம்மாள் மூக்கைச் சிந்தினாள். "வேன்லதான் இருக்காக. எறங்க மாட்டேங்குறாக."

"என்ன கோவம்?"

"கோவமெல்லாம் இல்ல. மாப்ள வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டா எறங்குவாக. அவரு இருக்குற இருப்புல அதுக்கு எங்க வழி."

இதைக் கோபம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது? மாரீஸ்வரி காபியைக் கொடுத்தனுப்பினாள். காபி திரும்பி வந்தது. தானே போய்க் கூப்பிட்டாள். வேன் டிரைவர் அப்சல் கதவருகில் நின்றுகொண்டு, "பெரியவரு அசதியாப் படுத்திருக்காக அக்கா, அண்ணன வரச் சொல்லுங்க" என்று தடுத்துவிட்டார். போனில் அழைத்ததற்கே நாலு வருஷம். வாசல் வரை வந்தவர் இறங்காமல் திரும்பினால் எத்தனை வருஷம் என்று நினைக்கவே அவளுக்கு அழுகை வந்தது.

மணி பதினொன்றரை. ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கட்டிலுக்கு வந்து கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வெளியே ஜெய்லானியின் பைக் உறுமியது.

மனைவி அழுகிறாள். மாமா போகப் போகிறார். ஆட்டமும் போகிறது. ஏழு மாதமாகப் படுத்துப் படுத்து எழுந்தவருக்குப் பொறுமை விட்டுப்போயிற்று. ஈஸ்வரபாண்டி போர்வையை வீசிவிட்டு எழுந்தார். கருத்தம்மாளின் அழுகை பாதியில் நின்றது. அணிச் சட்டையும் ஷூவுமாக அவர் கூடத்தைத் தாண்டி, வாசற்படி மூன்றையும் ஒரே தாவாகத் தாவி, தெருவில் வேனை நோக்கி ஓடினார். என்ன சுகமான ஓட்டம். இடுப்பில் வலி என்ற பேச்சே இல்லை.

ஜெய்லானி பைக்கை அணைத்தார். "விஜய்ராஜ், ஷூவக் கழட்டு."

"மாமா, மன்னிச்சிருங்க" என்று மூச்சு வாங்கியபடி ஈஸ்வரபாண்டி வேன் கதவை இழுத்துத் திறந்தார்.

கடைசி சீட்டில் சுருளியாண்டி நீட்டிப் படுத்திருந்தார். கழுத்து வரை போர்வை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மெதுவாக முனகினார். அந்த முனகலின் ஏற்ற இறக்கம் ஈஸ்வரபாண்டிக்கு மிக நன்றாகத் தெரிந்ததாக இருந்தது.

அப்சல் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பெரியவருக்கும் இதே ஆபரேஷன் நடந்து அஞ்சு மாசமாச்சுண்ணே, நீங்க முடியாமக் கெடக்கீகன்னு உங்க வீட்டுக்கு மட்டும் சொல்லல, இப்பக் குதிரையாட்டம் ஓடுறாக, ஆனா இன்னும் வந்து பாக்காத ஆளு நீங்க ஒருத்தருதான்னு அவுக வீட்டம்மாதான் அவுகள எந்திரிக்க விடல."